நர்ஸ் அக்காவுக்கு ஒரு தட்டு

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் முன்பெல்லாம் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்போம். இப்போது சர்க்கரையைப் பற்றி விசாரித்துக்கொள்கிறோம். "வெறும் வயித்துல எவ்ளோ?" என்று ஒருவர் கேட்பதும், அடுத்தவர் பரீட்சையில் கோட்டை விட்ட பையன் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பதில் சொல்வதும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தினமும் நடக்கிற கூத்து. போன வாரம் என்னோடு படித்த தோழி ஒருத்தியோடு ஓட்டலுக்குப் போயிருந்தேன். அவள் கைப்பையிலிருந்து பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் ஊசியை எடுத்து, மேஜைக்கு அடியிலேயே வயிற்றில் குத்திக்கொண்டு, "தம்பி, ஒரு செட் பூரி" என்றாள். பூரி வரத் தாமதமானது. எனக்கு வாயில் இருந்த தோசை இறங்கவில்லை. கடைசியில் பூரி வந்து, அவள் முதல் வாய் விழுங்கும்வரை நான் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி, என் பூரி மேல கண்ணு வெக்கிற?" என்றாள்.

சிரித்து மழுப்பிவிட்டேன். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேர் கைப்பையில் அந்தப் பேனா இருக்கும் என்பதால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நாங்கள் அப்போது வெள்ளிமலையில் இருந்தோம். சொந்த ஊர் கீழே திருக்கோவிலூர் பக்கம். அப்பா மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம்தான் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்து, கள்ளக்குறிச்சி டாக்டர் தினம் காலையில் ஊசி போட்டே ஆகவேண்டும் என்று சொல்லியிருந்தார். அம்மா அன்றைக்கே வீட்டில் இருந்த சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாவற்றையும் மூட்டை கட்டி அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள். எனக்கு வைத்திருந்த குச்சி மிட்டாய்கூட அதில் போய்விட்டது. ஏதோ பாம்பை விரட்டுவதுபோல வீட்டைவிட்டு இனிப்பை விரட்டினாள்.

அப்பாவுக்கு ஊசி என்றால் உதறல். பிரம்பை எடுத்தால் வகுப்பே ஒன்றுக்குப் போகும் மனிதர், தன் கையில் ஊசி ஏறும்போது சுவரில் மாட்டியிருந்த இந்தியா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு, "கன்னியாகுமரி... கன்னியாகுமரி..." என்று முணுமுணுப்பார். ஊசி போட வந்தது அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸ் அக்கா. டியூட்டிக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போவாள். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, பனியில் நனைந்த முன்தலைமுடி.

அவள் ஊசி போடுவதைப் பார்ப்பது எனக்கு ஒரு பூசை பார்ப்பது மாதிரி. கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் மூடி போட்ட அலுமினியக் கிண்ணத்தில் வைத்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கொதிக்கவிடுவாள். மருந்து பாட்டில் ஈர மணல் போட்ட சின்ன மண்சட்டிக்குள் இருக்கும். அதை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுவாள், குலுக்கமாட்டாள். சிரிஞ்சில் எவ்வளவு இழுக்கவேண்டும் என்று நகப்பாலிஷால் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தாள். கொதித்துக் கொதித்து அது உரியும். உரிந்தால் திரும்பப் பூசுவாள். கோடுவரை இழுத்து, விரலால் சுண்டி, குமிழைத் துரத்தி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அப்பாவின் மேல்கையைத் துடைத்து, சதையைக் கிள்ளித் தூக்கி, அவ்வளவுதான். பஞ்சு பிடிப்பது என் வேலை. ஸ்பிரிட் வாசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். பள்ளிக்கூடம் போகிறவரை விரலை மோந்துகொண்டே இருப்பேன்.

ஊசி போட்டானதும் நர்ஸ் அக்கா போகமாட்டாள். அதுதான் அம்மாவுக்கு எரிச்சல். வாசல் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். குடையை மடியில் வைத்துக்கொண்டு, அடுக்களையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பாவின் தட்டு வருகிறதா என்று பார்ப்பாள், வந்த தட்டையும் பார்ப்பாள். ஒரு மனுஷி இப்படித் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வீட்டுக்காரி என்ன செய்வாள்? அம்மா அவளுக்கும் ஒரு தட்டு வைத்தாள். ஓரம் பெயர்ந்த பீங்கான் தட்டில் மூன்று இட்லி. முதல் நாள் முகம் மலர வைத்தாள். பிறகு வைத்துவிட்டுப் போனாள். அதற்கும் பிறகு, தட்டு பெஞ்சில் வைக்கப்படும் சத்தம் எனக்கே கேட்க ஆரம்பித்தது.

"கவருமெண்டுல சம்பளம் வாங்கறா, தெனம் நம்ம வூட்ல டிபன்" என்பாள் அம்மா, அவள் குடை வளைவில் மறைந்ததும். "நீ பாரேன், இட்லி தட்டு வர்ற வரிக்கும் எழுந்துக்க மாட்டா. உங்கப்பா ஒரு வாய் சாப்புட்டப்பறம்தான் அவளும் வாய வெப்பா. அதுல ஒரு மரியாத வேற!"

அம்மா அக்காவைப்போலவே கழுத்தை நீட்டி அடுக்களையை எட்டிப்பார்த்துக் காட்டுவாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

நர்ஸ் அக்காவின் பையன் கள்ளக்குறிச்சியில் அவள் அம்மாவிடம் வளர்ந்துகொண்டிருந்தான். மாதம் ஒருமுறை அப்பாவுக்கு ஊசி போட்ட கையோடு முதல் பஸ்ஸில் இறங்கி, அவனைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கடைசி பஸ்ஸில் ஏறிவிடுவாள். அந்த முறையும் அப்படித்தான் போனாள். சாயங்காலம் பஸ் வரவில்லை. கடைசி வளைவில் பஸ் அடிக்கிற ஆரன்தான் எங்களுக்கு விளக்கேற்றும் நேரத்துக்கு மணி. அன்றைக்கு ஆரன் கேட்காமலே இருட்டிவிட்டது.

இட ஒதுக்கீடு கேட்டுக் கீழே ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சாலை ஓரத்துப் புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். மலைக்கு மேலே எங்களுக்கு ரேடியோ சொன்னது கொஞ்சம், ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்தவர்கள் சொன்னது நிறைய. பாலத்தை உடைச்சிட்டாங்களாம், போலீஸ் சுட்டுச்சாம், எங்கேயோ ஒரு தெருவே எரிஞ்சிபோச்சாம். "கேக்கறது ஞாயந்தான், மரம் இன்னா பண்ணுச்சி?" என்றார் அப்பா. அம்மா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். அவளுடைய தம்பி குடும்பம் திருக்கோவிலூர் பக்கம் ரோட்டோரத்துத் தெருவில்தான் குடியிருந்தது. எங்கே எரிந்தது என்று ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை பெஞ்சு காலியாக இருந்தது. ஆஸ்பத்திரி டாக்டரும் கீழேயிருந்து ஜீப்பில் வருகிறவர்தான். அங்கே இருந்தது காவல்காரர் மட்டும்.

"ஒரு நாள் போடலைனா இன்னா, குடியா முழுவிடும்?" என்று அப்பா பள்ளிக்கூடம் போனார். மதியத்துக்குள் ஒரு குடம் தண்ணீர் குடித்தார். பாடம் நடத்துவதும் வெளியே ஓடுவதுமாக இருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்துவிட்டார். டாக்டர் சொன்னது அம்மாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஊசியை விட்டால் மயக்கம் வரும், மயக்கம் வந்தால் எழுப்ப முடியாது.

அம்மா ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். எல்லாவற்றையும் கொதிக்கவைத்தாள். மருந்தைக்கூட இழுத்துவிட்டாள். அப்பாவின் கையைப் பிடித்ததும் அவள் கை ஆட ஆரம்பித்தது. "என்னால ஆவாதுங்க. இந்தக் கைல நான் எப்படிக் குத்துவேன்?" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா சிரிஞ்சை வாங்கித் தானே போட்டுக்கொள்ளப் பார்த்தார். கன்னியாகுமரியைத் தேடினார். கண்ணை மூடினார். சிரிஞ்சு விரலிலிருந்து நழுவியது. நான் பாய்ந்து பிடித்தேன். அது உடைந்திருந்தால் மலையில் வேறு கிடையாது, எங்களுக்கு அது ஒன்றுதான்.

"நான் போடறேன்" என்றேன்.

தைரியம் என்று நினைக்காதீர்கள். எனக்கு அந்தக் கண்ணாடிச் சாமானைக் கையில் பிடிக்கவேண்டும் என்று எத்தனையோ நாளாக ஆசை.

"இது இன்னா பல்லாங்குழியா, பாப்பா?" என்றாள் அம்மா. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தெனம் பாக்கறா இல்ல? பழகட்டும்" என்றார். தண்ணீரை வைத்துப் பழகச் சொன்னார்கள்.

முதலில் மரவள்ளிக் கிழங்கில் குத்தினேன். எங்கள் பக்கம் கை நீட்டினால் கிடைப்பது அதுதான். ஊசி முனை வளைந்துவிட்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பெட்டியில் இருந்ததே இரண்டு ஊசி, அதில் ஒன்று போயிற்று. பிறகு கத்தரிக்காயைக் கொடுத்தாள். கத்தரிக்காய் நல்ல நோயாளி. கையை இழுக்காது, கன்னியாகுமரி என்று சொல்லாது. வீட்டில் இருந்த அத்தனை கத்தரிக்காய்க்கும் தண்ணீர் ஏற்றினேன். மறுநாள் குழம்பு சளசளவென்று இருந்தது.

விடிந்ததும் அப்பாவின் கை. கத்தரிக்காய் சில்லென்று இருக்கும். இந்தக் கை சுட்டது. முடி இருந்தது. அம்மைத் தழும்பு இருந்தது. கிள்ளித் தூக்கினேன். ஊசி கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு விட்டுக்கொடுத்தது. அழுத்தினேன். எடுத்தேன். பஞ்சை வைத்தேன்.

"போட்டுட்டியா?" என்றார் அப்பா, இன்னும் வரைபடத்தைப் பார்த்தபடி.

"போட்டுட்டேன்."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள் அம்மா. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். வகுப்பில் நான் முதலாவதாக வந்தபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அடுத்தடுத்த நாள்களிலும் நான்தான் போட்டேன். ரோடு திறக்கவில்லை. அரிசி குறைந்துகொண்டே வந்தது. அம்மா சாமை அரிசி கலந்து இட்லி ஊற்றினாள், அது கொஞ்சம் கரகரவென்று இருக்கும். நான் ஊசியைப் போட்டு, சிரிஞ்சைக் கழுவி வைத்துவிட்டு வெளியே ஓடிவிடுவேன். நர்ஸ் அக்கா மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து இட்லிக்குக் காத்திருக்க எனக்கு என்ன தலையெழுத்து? "இந்த நர்சுக்கு டிபன் செலவு கம்மி" என்று அம்மா கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தோம். எனக்கு எல்லாம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றபோது அவள் கையைக் கிள்ளித் தூக்கிப் பார்த்து, "நல்ல சத" என்று சொன்னேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் தம்பியைப் பற்றி மட்டும் சேதி இல்லை. அம்மா அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மறந்து நின்றாள். எங்கள் கிறிஸ்தவ சபை சின்னது. வாத்தியார் குடும்பங்கள் சில, மலைக்காரர்கள் சில, எல்லோருக்கும் மூத்தவராக, ஜெபம் நடத்தும் உபதேசியார். அவர் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் என்று அறிவித்தார். சாயங்காலம்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கிடையாது. கீழே இருக்கிற நம் ஜனங்களுக்காக.

"நீங்க வாணாங்க" என்றாள் அம்மா. "உடம்பு இருக்கற இருப்புல..."

அப்பா கரும்பலகைக்கு முன்னால் நிற்பதுபோல நின்று விளக்கினார். "சாப்புட்டாதானே சக்கர ஏறும்? சாப்புடலைனா நல்லதுதான். ஊசியும் போட்டுக்கறேன், உபவாசமும் இருக்கறேன். ரெட்டை நன்ம."

எங்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. வாத்தியார் சொன்ன கணக்கு.

அன்று காலை ஊசி போடும்போது எனக்குப் பயமே இல்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போட்டேன். வழக்கம்போல அப்பா வரைபடத்தைப் பார்த்தார். பிறகு மூவரும் மேட்டில் இருந்த ஜெபக்கூடத்துக்கு நடந்தோம். தகரக் கூரை போட்ட ஒரே அறை. சுவருக்குள்ளேயே மூடுபனி நுழைந்துவிடும் குளிர். முன்னால் மேஜையில் காணிக்கை வைத்திருந்தார்கள். ஒரு மரக்கால் சாமை, ஒரு பலாக்காய், பாட்டிலில் மலைத்தேன்.

ஜெபம் நடந்துகொண்டே இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு பசியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது முன் பாயில் இருந்த அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தக் குளிரில் அவருக்கு வியர்வை. காது ஓரத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கை நடுங்கியது. திடீரென்று எழுந்து நின்று, "ஒண்ணு!" என்று கத்தினார். கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு! ... ரெண்டு எங்க போனான்? மூணு!"

வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி நம்பர் கூப்பிட்டார்.

"அல்லேலூயா!" என்றார் உபதேசியார். அப்பாமேல் பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று நினைத்தார். எல்லோரும் சத்தத்தைக் கூட்டினார்கள். அப்பா சத்தத்துக்குச் சத்தம் "நாலு! அஞ்சு!" என்றார். அம்மாகூட ஒரு நிமிஷம் கைகளை உயர்த்தினாள். பிறகு அப்பா ஆடினார், பாயில் சரிந்தார், வாய் குழறியது. அப்போதுதான் இது ஆவி இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

உபதேசியார் குனிந்து நாடி பார்த்தார். "காலைல ஊசி போட்டீங்களா? யாரு போட்டது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"காத்து ஏறிப்போச்சி" என்றார் அவர். "கொழந்தைகிட்ட ஊசியக் குடுத்தா? சிரிஞ்சுல இருந்த காத்து ரத்தத்துல ஏறிப்போச்சிம்மா."

நான் அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். இதை வேறு எப்படியும் எழுத எனக்குத் தெரியவில்லை. எங்கே தப்பு செய்தேன் என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். கொதிக்கவைத்தேன். உருட்டினேன். கோடு? சிவப்புக் கோடு பாதி உரிந்திருந்தது, மேல் விளிம்புவரை இழுத்தேனா, கீழ் விளிம்பா? கோட்டுக்கு நடுவில்தான் இழுத்தேன். குமிழைச் சுண்டினேன், போயிற்று, என் கண்ணால் பார்த்தேன். துடைத்தேன், கிள்ளினேன், குத்தினேன், பஞ்சு வைத்தேன். நர்ஸ் அக்கா செய்ததில் ஒன்றையும் விடவில்லை. திரும்ப முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். கொதிக்க, உருட்ட, இழுக்க, சுண்ட, துடைக்க, குத்த, பஞ்சு. அதற்குப் பிறகு அக்கா என்ன செய்வாள்?

பெஞ்சில் உட்காருவாள்.

"அம்மா!" என்று அலறினேன். "அக்கா உக்காந்துகினு இருப்பாங்களேம்மா!"

"எங்கடி? இன்னா ஒளர்ற?"

"பெஞ்சுல. அப்பா சாப்புடற வரிக்கும். சாப்புட்டாதான் போவாங்க. நீ கூட சொல்லுவியே... தட்டையே பாத்துகினு இருப்பாங்கன்னு. இன்னிக்கி அப்பா சாப்புடவே இல்லியே!"

அம்மாவின் முகம் எப்படி மாறியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும். அவள் ஒரு கணம் அந்தப் பெஞ்சைப் பார்த்தாள், அது அங்கே இல்லாவிட்டாலும். பிறகு எழுந்து நேராக மேஜைக்குப் போய்த் தேன் பாட்டிலை எடுத்தாள்.

"காணிக்கம்மா அது!" என்றார் உபதேசியார். உடனே அதைவிடப் பெரிய ஆபத்து அவருக்குப் புரிந்தது. "சக்கர வியாதிக்காரருக்குத் தேனா? இன்னாம்மா, கொல்லப் பாக்கறியா மனுசன?"

வீட்டில் ஒரு துண்டு வெல்லம் விடாமல் துரத்தியவள் என் அம்மா. பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள். "தள்ளுங்க உபதேசியாரே" என்றாள். அவரிடம் அதற்கு முன்னும் பின்னும் அவள் அப்படிப் பேசியதில்லை. அப்பாவின் தலையை மடியில் தூக்கி வைத்து, விரலில் தேனைத் தொட்டு அவர் ஈறில் தடவினாள். திரும்பத் தொட்டாள். அப்பா சப்புக்கொட்டினார். கொஞ்சம் விழுங்கினார். தேன் அவள் முழங்கைவரை வழிந்தது, கட்டெறும்பு ஒன்று எங்கிருந்தோ வந்து பாயில் ஏறியது, அதை யாரும் தட்டிவிடவில்லை. ஒருவரும் ஜெபிக்கவும் இல்லை. அம்மாவுக்குமே இது சரியா என்று தெரியாது, ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் கத்தியதை நம்பிச் செய்துகொண்டிருந்தாள். நான் அப்பாவின் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேரம் போனது. வியர்வை நின்றது. நடுக்கம் நின்றது. அப்பா கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார்.

"ஏன் எல்லாரும் என்னையே பாத்துகினு கீறீங்க?" என்றார். நாக்கால் உதட்டைத் துழாவிப் பார்த்து, திடுக்கிட்டு அம்மாவிடம் கேட்டார்: "தேனா குடுத்த?"

உபதேசியார் முழங்காலில் விழுந்து, ஜெபம் கேட்கப்பட்டதற்கு நன்றி சொன்னார். கேட்கப்பட்டதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் காற்று ஏறவில்லை என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவை உட்காரவைத்துச் சோறு ஊட்டினாள். பிறகு அலுமினியக் கிண்ணத்தையும் சிரிஞ்சையும் ஒரு துணியில் முடிந்து பரண்மேல் போட்டாள். "இனிமே அதத் தொடாத பாப்பா" என்றாள். திட்டவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

மறுநாள் காலை பரணைப் பார்ப்பதும் ஒருவரை ஒருவர் பார்ப்பதுமாக மூன்று பேரும் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தோம். ஊசி போடாவிட்டாலும் ஆபத்து, போட்டாலும் ஆபத்து. அப்பா தண்ணீர்க் குடத்தின் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார். வெயில் முற்றத்துக்கு வந்தபோது வாசலில் கறுப்புக் குடை தெரிந்தது.

நர்ஸ் அக்கா செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். வெள்ளைச் சேலை முழங்கால்வரை செம்மண். ஏதோ ஒரு ஜீப்பில் பாதி மலை ஏறி, மிச்சத்தை நடந்தே ஏறியிருக்கிறாள். "மரத்தையெல்லாம் இப்பதான் இழுத்துப் போட்டுகினு கீறாங்க, நாளிக்கி பஸ்ஸு விட்டுடுவாங்க" என்றாள். அம்மாவைப் பார்த்து, "உங்க தம்பி வூட்டுப் பக்கம் ஒண்ணும் ஆவலையாம், விசாரிச்சேன்" என்றாள். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அழுகையோடு அழுகையாக நடந்ததை எல்லாம் சொன்னாள்.

நர்ஸ் அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஊசி போட்டா சாப்புடாம இருக்கவே கூடாது, சக்கர ஒரேயடியா எறங்கிடும்னு சாருகிட்ட மொத நாளே சொன்னனேங்க."

அப்பா தரையைப் பார்த்தார். "சொன்னாங்க" என்றார். "எனக்குத் தெரியாதான்னு நெனச்சிகினு சரியா காதுல வாங்கல."

"நான் இன்னொண்ணு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள் அம்மா. முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "நீ டிபனுக்குதான் உக்காந்துகினு கீறியோன்னு..."

நர்ஸ் அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "ஐயையோ, நான் தெனம் குவாட்டர்ஸ்ல சாப்புட்டுதாங்க கெளம்புவேன்! நீங்க தட்டு வெச்சா எப்படிங்க வாணாம்னு சொல்றது? வருத்தப்படுவீங்கன்னு ரெண்டாவது தபா சாப்புடுவேன். டியூட்டில தூக்கம் தூக்கமா வரும்." வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "இன்னிக்கிதாங்க நெஜமாவே ஒண்ணும் சாப்புடல."

அம்மா எழுந்து அடுக்களைக்கு ஓடினாள்.

அப்பா பரணிலிருந்து முடிச்சை இறக்கினார். நர்ஸ் அக்கா வளைந்த ஊசியை வெளிச்சத்தில் பிடித்து, "இது யாரு வேல?" என்றாள். "மரவள்ளி" என்றேன். அதற்கும் சிரித்தாள். நல்ல ஊசியைக் கொதிக்கவைத்தாள். மருந்தை உருட்டி என்னிடம் நீட்டினாள்.

"வாணாங்க்கா" என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"திரும்பவும் ரோடு மூடும் பாப்பா. எனக்கும் காய்ச்சல் வரும். அப்போ யாரு போடுவாங்க? இத்தினி நாளா தெரியாம போட்ட. இன்னிக்கித் தெரிஞ்சிகினு போடு."

முதல் நாள் ஆடாத என் கை அன்றைக்கு ஆடியது. மருந்தை இழுக்கும்போது ஆடியது, குமிழைச் சுண்டும்போது ஆடியது. அப்பாவின் சதையைக் கிள்ளினேன், விட்டேன், திரும்பக் கிள்ளினேன். அப்பா வரைபடத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போடும்மா" என்றார். என்னை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார், அம்மா என்று அன்றைக்குத்தான் சொன்னார். போட்டேன். பஞ்சை வைத்துக்கொண்டு, நான் செய்தது சரியா என்று கேட்க நர்ஸ் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் என் ஊசியைப் பார்க்கவேயில்லை. கழுத்தை நீட்டி அடுக்களை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். நானும் அங்கேயே பார்த்தேன்.

அம்மா இரண்டு தட்டு கொண்டுவந்தாள். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று நர்ஸ் அக்காவுக்கு. ஓரம் பெயர்ந்த பீங்கான் தட்டு இல்லை, விருந்தாளிக்கு எடுக்கும் எவர்சில்வர் தட்டு. மலை ஏறி வந்த பசியில் அக்காவின் விரல்கள் இட்லிமேல் போய்விட்டன, ஆனால் பிட்கவில்லை. அப்பா ஒரு விள்ளல் பிட்டு, சட்னியில் தொட்டு, வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். அதற்குப் பிறகுதான் அவள் தன் இட்லியைப் பிட்டாள். நிலைப்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, உள்ளே போய் இன்னொரு எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.